சமோரோவில் ‘போனேன்’ என்று சொல்லும் முன்

மேற்குப் பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவிலும், அதற்கு வடக்கே ரோட்டா, டினியன், சைப்பன் தீவுகளிலும் பேசப்படும் சமோரோ மொழியில் சொற்கள் சீக்கிரம் மனப்பாடமாகிவிடும். ஸ்பானியரிடமிருந்து வந்தவையே ஏராளம். வழுக்குவது வினைச்சொல்லில்தான். அதிலும் போ, வா, அழு, தங்கு போன்ற செயப்படுபொருள் குன்றிய வினைகள், எளிமையாகத் தெரிவதாலேயே காலை வாரிவிடும்.

‘ஹானாவ்’ என்றால் போ. ‘நான் போனேன்’ என்பது ‘ஹுமானாவ் யோ’’. நமக்கு விகுதி எப்போதும் சொல்லின் வாலில் ஒட்டும். இங்கே ‘உம்’ என்ற துண்டு முதல் மெய்க்கும் அடுத்த உயிருக்கும் நடுவே நுழைகிறது: ஹ்+உம்+ஆனாவ். இதை விட்டுவிட்டு ‘ஹானாவ் யோ’’ என்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. சொல் உயிரில் தொடங்கினால் ‘உம்’ முன்னால் நிற்கும்: ‘ஓ’மக்’ குளி, ‘உமோ’மக் யோ’’ குளித்தேன். அந்த மேற்கோள் குறியை அச்சுப்பிழை என்று எண்ணிவிடாதீர்கள். தொண்டையில் ஒரு நொடி காற்றை அடைத்து விடும் ஒலி அது, அவர்களுக்கு அது ஓர் எழுத்து. ‘யோ’’ என்பதன் முதல் ஒலியும் நம் ‘ய’ அல்ல, ‘ட்ஸ’வுக்குப் பக்கத்தில் வரும்.

நான் அதிகம் திணறியது ஆள் எண்ணிக்கையில். ஒருமை, பன்மை என்று இரண்டாகப் பிரித்தே பழகியவர்கள் நாம். சமோரோ வினை ஒருவரையும் இருவரையும் ஒரே பக்கம் வைக்கிறது, மூவர் முதல் கோடு மாறுகிறது. ‘ஹுமானாவ் ஹித்’ என்றால் நாம் இரண்டு பேரும் போனோம். மூன்று பேரோ முப்பது பேரோ போயிருந்தால் ‘மன்ஹானாவ் ஹித்’. ‘ஹித்’ மாறவில்லை, வினைதான் ஆளை எண்ணுகிறது. ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது ‘ஹுமானாவ் சிஹா’ (அவர்கள் போனார்கள்) என்று விட்டால், கேட்பவர் எந்த இரண்டு பேர் என்று தேடுவார். சில சொற்களில் ‘மன்’ அடுத்த மெய்யையே விழுங்கிவிடும்: ‘சோச்சோ’ சாப்பிடு, ‘மஞோச்சோ சிஹா’ அவர்கள் சாப்பிட்டார்கள். அகராதியில் ‘ஞோச்சோ’ என்று தேடினால் கிடைக்காது.

நமக்கு இலவசமாகக் கிடைப்பதும் ஒன்று உண்டு. ‘ஹித்’ நாம், ‘ஹாம்’ நாங்கள். ஆங்கிலம் வழியாக மட்டும் படிப்பவர்கள் இந்தப் பேதத்தில் மாதக்கணக்கில் தடுமாற, நாம் சும்மா தாண்டிவிடலாம். ஆனால் ஆங்கிலப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்கும் தமிழர்களும் இரண்டையும் குழப்புவதைப் பார்த்திருக்கிறேன்!

எல்லா வினைக்கும் ‘உம்’ போடுவது அடுத்த தவறு. ‘மாத்தோ’ (வந்து சேர்), ‘மலாகு’ (ஓடு) போன்றவை அப்படியே நிற்கும்: ‘மாத்தோ யோ’’ வந்தேன். ஆனால் எதிர்காலத்திலும் ஏவலிலும் அந்த ‘ம’ ‘ஃப’ ஆகிவிடும். ஒருவனை ஓடச் சொல்ல ‘ஃபலாகு!’ பன்மை ‘மன்’னும் அப்படியே ‘ஃபன்’ ஆகும்: இருவர் கிளம்பினால் ‘நிஹி தா ஹானாவ்’, மூவர் முதல் ‘நிஹி தா ஃபன்ஹானாவ்’. இரண்டுக்கும் தமிழில் ‘வாங்க போகலாம்’தான்.

எதிர்காலத்தில் ‘உம்’ கழன்றுவிடுவதையும் கவனியுங்கள். ‘போவேன்’ என்பது ‘பாரா பை ஹு ஹானாவ்’. ‘யோ’’ போய் ‘ஹு’ வந்துவிட்டது.

இந்த ‘ஹு’வை எதிர்காலத்துக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிட வேண்டாம். குறிப்பிட்ட ஒரு பொருளின்மேல் செயல் போனால் இறந்தகாலத்திலும் அதுதான்: ‘ஹு கான்னோ’ இ கிஹன்’ அந்த மீனைச் சாப்பிட்டேன். வெறுமனே சாப்பிட்டேன் என்றால் ‘சுமோச்சோ யோ’’. பாருங்கள், வினையே வேறு. ‘கான்னோ’’வோடு அவசரத்தில் ‘யோ’’வைச் சேர்ப்பது ஆபத்து: ‘ஹா கான்னோ’ யோ’’ என்றால் அது என்னைச் சாப்பிட்டது! போன வினைக்கு ‘நான்’ ஆக இருந்த அதே ‘யோ’’, இந்த வினையில் ‘என்னை’ ஆகிவிடுகிறது.

பெயரடையில் ‘உம்’ சேர்த்தால் பொருளே நகரும். ‘டாங்கொலோ இ பத்கோன்’ குழந்தை பெரியது. ‘டுமாங்கொலோ இ பத்கோன்’ குழந்தை வளர்ந்துவிட்டது.

நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல ஓர் அசையை இரட்டிக்க வேண்டும். ‘ஹுமாஹானாவ் யோ’’ போய்க்கொண்டிருக்கிறேன். ‘சுமாசாகா யோ’ கியா குவாஹான்’ குவாமில் வசிக்கிறேன். ஊர்ப்பெயருக்கு ‘கியா’, மற்ற இடங்களுக்கு ‘கி’. ஆள் பெயருக்கு முன் ‘சி’ வேண்டும்: ‘ஹுமானாவ் சி மரியா’.

வினை முன்னால், ஆள் பின்னால் என்ற வரிசை தமிழ் வாய்க்குத் தலைகீழ். ‘நான்’ என்று தொடங்கிப் பழகியவர்கள் ‘குவாஹு ஹுமானாவ்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். வாக்கியம் தப்பில்லை, ஆனால் ‘போனது நான்தான்’ என்று வேறொருவரை மறுப்பதுபோல ஒலிக்கும். கடைக்குப் போய் வந்ததை அப்படிச் சொன்னால், யார் உங்களைக் குற்றம் சாட்டினார்கள் என்று எதிரில் இருப்பவர் யோசிப்பார்.