சாணி வண்டு கணக்கு எடுக்கணும்னா இப்படி எடுங்க

ஐப்பசில மழை நல்லா பெஞ்சு மண்ணு ஊறுனதும் ஆரம்பிங்க. நம்ம திருநெல்வேலி மாவட்டத்துல மானூர், திசையன்விளை பக்கமெல்லாம் கோடையில சாணி விழுந்த கொஞ்ச நேரத்துலயே மேல ஏடு கட்டி காஞ்சிரும், வண்டு மண்ணுக்கடியில கெடக்கும், அப்ப பொறி வச்சுட்டு இங்கன வண்டே இல்லன்னு சொன்னா அது தப்பான கணக்கு.

ஒப்பிட்டுப் பாக்க எடம் ரெண்டு வேணும். ஒண்ணு உழாத உடங்காடு (உடைமரக் காடு) இல்லன்னா மேய்ச்சல் புறம்போக்கு, இன்னொண்ணு உளுந்தோ சோளமோ போடுற புஞ்சை. செம்மண்ணுன்னா ரெண்டும் செம்மண்ணு, கரிசல்னா ரெண்டும் கரிசல், ஏன்னா வளை தோண்டுற வண்டுக்கு மண்ணு மாறுனா எல்லாமே மாறிரும். கங்கைகொண்டான் மான் சரணாலயம், வல்லநாடு வெளிமான் சரணாலயம் உள்ளயெல்லாம் வனத்துறை அனுமதி இல்லாம பொறி வைக்கக் கூடாது.

பொறிக்கு பழைய பிளாஸ்டிக் வாளி போதும். விளிம்பு தரைமட்டத்துக்கு வர்ற மாதிரி புதைங்க, கொஞ்சம் தூக்கி நின்னாலும் வண்டு சுத்திட்டு போயிரும். அடியில சின்ன ஓட்டை போட்டு ஈரமண்ணு ரெண்டு கை அள்ளிப் போடுங்க. சோப்புத் தண்ணி ஊத்திக் கொல்ல வேண்டாம், பாவம், அது செய்ற வேலைக்கு நாம சம்பளமா குடுக்கோம்? பெரிய பாட்டில் தலைய வெட்டி, வாயையும் அகலமாக்கி, புனல் மாதிரி கவுத்து வச்சா உள்ள விழுந்தது பறந்து போகாது. மேல குறுக்க கம்பு வச்சு, 200 கிராம் புதுச்சாணிய பழந்துணில முடிஞ்சு தொங்கவிடுங்க. எல்லா பொறிக்கும் ஒரே மாட்டுச் சாணி, ஒண்ணா பெசஞ்சு பிரிச்சது. பொறிக்கு பொறி 50 மீட்டராவது தள்ளி இருக்கணும். காலைல ஒருக்க சாயங்காலம் ஒருக்க பாருங்க, பகல்ல பறக்கறது வேற, ராத்திரி பறக்கறது வேற.

இனி பிரிக்கறது. பின்னங்கால் நீளமா ஒல்லியா இருந்தா உருட்டுற வண்டு, அதுலயும் றெக்கை ஓரத்துல தோள்கிட்ட வெட்டுன மாதிரி பள்ளம் இருந்தா ஜிம்னோப்ளூரஸ். முன்னங்கால் பட்டையா பல்லு பல்லா இருந்தா சாணிக்கு அடியிலயே வளை தோண்டி சாணிய உள்ள இழுக்கற வகை, ஒந்தோபேகஸ், கத்தார்சியஸ் எல்லாம் இதுதான், ஆண் வண்டுக்குப் பல வகையில கொம்பு இருக்கும். அரிசி அளவுல நீளவாக்குல இருக்கறது சாணிக்குள்ளயே குடித்தனம் பண்றது. பேரு தெரியலன்னா ஸ்கேல் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து வகை 1, வகை 2ன்னு எழுதுங்க, போதும்.

மொத்தம் எத்தனைன்னு மட்டும் பாத்து ஏமாறாதீங்க, வகை எத்தனைன்னு பாருங்க. புஞ்சையில ஒரே சின்ன வகை வாளி நெறைய விழலாம், ஆனா பெரிய வண்டு இருக்கான்னு பாருங்க, நெலம் கெட்டா மொதல்ல போறது அதுதான், ஒரே ராத்திரில நெறைய சாணிய மண்ணுக்குள்ள எறக்கறதும் அதுதான். டிராக்டர் ஆழமா உழுதா வளையும் குஞ்சும் சேந்து போச்சு, அதனால வரப்போரம் ஒரு துண்ட உழாம விடுங்க.

மாட்டுக்கு ஐவர்மெக்டின்ங்கிற புழு, உண்ணி மருந்து போட்டிருந்தா அதையும் நோட்ல எழுதணும், மருந்து சாணில எறங்கி வாரக்கணக்குல வண்டுப் புழுவ கொல்லும். அந்தச் சாணிய புஞ்சையில விடாம குப்பைக்குழில போடுங்க, வண்டு பெருகுற மழைக்காலத்துல வேற மருந்து குடுக்கலாமான்னு கால்நடை டாக்டர்கிட்ட கேளுங்க.

எண்ணி முடிச்சதும் புடிச்ச எடத்துலயே புதுச்சாணி பக்கத்துல விட்ருங்க.