மதர்போர்டு மாற்றியபின் டிஸ்ப்ளே வரவில்லையா? முதலில் போர்டை கேபினெட்டை விட்டு வெளியே எடுங்கள்

ஐப்பசி மழையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த ஒரு சாயங்காலம் என் பழைய போர்டு உயிரை விட்டது. ப்ராசஸர் ரைசன் 5 3600. அது நன்றாகத்தான் இருந்தது. நண்பர் ஒருவர் சென்னை போனபோது ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரைசனுக்கான பழைய பி450 ரக போர்டு ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். மாட்டினேன். ஸ்விட்ச் போட்டேன். ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றியது, கீபோர்டில் லைட் வந்தது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’.

மூன்று ராத்திரி போயிற்று. காரணம் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. உங்களுக்கு அந்த மூன்று ராத்திரி மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். ப்ராசஸர் வைப்பது, பேஸ்ட் தடவுவது, கூலர் மாட்டுவதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் இரண்டு நிமிஷ வேலை

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும், போர்டின் எச்டிஎம்ஐயில் அல்ல. கார்டு இல்லாமல் போர்டிலேயே செருகுபவர்கள் தங்கள் ப்ராசஸரில் கிராபிக்ஸ் உண்டா என்று பார்க்க வேண்டும். ரைசன் 5 3600-ல் கிடையாது, 5600ஜியில் உண்டு. இன்டெலில் ஐ5 12400-ல் உண்டு, பெயருக்குப் பின்னால் ‘எஃப்’ போட்ட 12400எஃப்பில் கிடையாது. போர்டில் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறது என்பதற்காக அதில் படம் வந்துவிடாது. படத்தை உண்டாக்குவது ப்ராசஸர், போர்டு அதை வெளியே கொண்டுவந்து விடுகிறது, அவ்வளவுதான்.

அடுத்து சிபியு பவர், அதாவது ப்ராசஸருக்கான தனி கரண்ட். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) போர்டுக்கு 24 பின் கனெக்டர் ஒன்று வரும், அதை யாரும் மறப்பதில்லை. போர்டின் மேல் மூலையில், கூலருக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டு இன்னொரு 4 அல்லது 8 பின் இடம் இருக்கும். அதை விட்டுவிட்டால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், படம் வராது. அதற்கான வயர் நடுவில் 4+4 என்று பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கானது 6+2 என்று பிரியும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அச்சு வேறு. போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள், கையில் இருப்பது வேறு வயர்.

கழற்றி மாட்டும் வயர் உள்ள மாடுலர் எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு: ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் வயரை இன்னொன்றில் மாட்டவே மாட்டாதீர்கள், ஒரே கம்பெனியாக இருந்தாலும் சரி. போர்டுப் பக்கம் ஒரே அச்சு, எஸ்எம்பிஎஸ் பக்கம் வரிசை மாறியிருக்கும். ஹார்ட் டிஸ்க் புகைவது இப்படித்தான்.

இதெல்லாம் சரியா? அப்படியென்றால் ராமைக் கழற்றுவதற்கு முன்னால் அடுத்ததைச் செய்யுங்கள். இணையத்தில் எங்கே தேடினாலும் ராமில்தான் ஆரம்பிக்கிறார்கள். போர்டை மாற்றாதவருக்கு அது சரி. போர்டை மாற்றியவருக்கு, மாறியது போர்டும் அது உட்கார்ந்திருக்கும் இடமும்தான்.

போர்டை அட்டைப்பெட்டி மேல் வையுங்கள்

எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள ஸ்விட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிவிட்டு எல்லா வயரையும் கழற்றுங்கள். போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் அதை வையுங்கள். பளபளப்பான ஆன்டிஸ்டாடிக் கவர் மேல் வைக்க வேண்டாம், அதன் வெளிப்பக்கம் கொஞ்சம் கரண்ட் கடத்தும். வெறும் அட்டை போதும்.

மாட்ட வேண்டியவை: ப்ராசஸர், கூலர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம், கிராபிக்ஸ் கார்டு (ப்ராசஸரில் கிராபிக்ஸ் இருந்தால் அதுவும் வேண்டாம்), 24 பின், சிபியு பவர். கார்டுக்குத் தனி பவர் வேண்டுமென்றால் அதுவும். எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க், முன்பக்க யுஎஸ்பி எதுவும் வேண்டாம். கார்டின் தகட்டு வால் போர்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் போர்டைப் பெட்டியின் ஓரத்துக்கு நகர்த்தி வையுங்கள். நான் இது தெரியாமல் கார்டு பாதிதான் இறங்கியிருக்க, அதற்கு ஒரு மணி நேரம் தனியாகக் குழம்பினேன்.

பவர் பட்டன் இப்போது இல்லை. போர்டின் கீழ் மூலையில் முன்பக்க வயர்கள் மாட்டும் பின் கூட்டம் இருக்கும். அதில் பவர் ஸ்விட்ச் என்று மேனுவல் சொல்லும் இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு விநாடி சேர்த்துத் தொட்டு எடுங்கள். ஷாக் அடிக்காது. மேனுவலைப் பார்க்காமல் மட்டும் தொட வேண்டாம்.

படம் வந்தால் போர்டு நல்ல போர்டு, கோளாறு கேபினெட்டில். எனக்கு வந்தது! பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் போர்டின் சொந்த மென்பொருள்) திரையைப் பார்த்ததும் சத்தம் போட்டு வீட்டில் எல்லோரையும் எழுப்பினேன். சந்தோஷமாக மறுபடி கேபினெட்டில் மாட்டினேன். மறுபடி ‘நோ சிக்னல்’.

நடுவில் நிற்கும் பித்தளை

என்னைக் கவிழ்த்த இடம் இதுதான். கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கேபினெட் தகட்டில் போர்டு நேராகப் படக்கூடாது. பின்பக்கம் முழுக்கப் பற்றவைத்த ஈயக் கூர்முனைகள், தகடு பட்டால் ஷார்ட். அதற்காகத் தகட்டில் அறுகோணப் பித்தளைக் கால்களைத் திருகி, அவற்றின் மேல் போர்டை உட்காரவைத்து ஸ்க்ரூ போடுகிறோம். கடையில் ஸ்டாண்டாஃப் என்பார்கள், சிலர் ஸ்டட் என்பார்கள். போர்டில் ஓட்டை இருக்கும் இடத்தில்தான் கால் இருக்க வேண்டும்.

என் பழைய போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸ், அதிகபட்சம் 244-க்கு 244 மில்லிமீட்டர். புதிதாக வந்தது முழு ஏடிஎக்ஸ், 305-க்கு 244. மேல் வரிசை ஓட்டைகளும் நடு வரிசை ஓட்டைகளும் பெரும்பாலும் ஒத்துப்போயின. கடைசி வரிசை மட்டும் ஏடிஎக்ஸில் இன்னும் கீழே தள்ளிப் போகும். நான் என்ன செய்தேன்? கீழே புதிதாக மூன்று கால் திருகினேன். பழைய கடைசி வரிசையில் நின்ற கால்களை எடுக்கவில்லை. அங்கே புதுப் போர்டில் ஓட்டையே இல்லை. போர்டு மேலே உட்கார்ந்ததும் அவை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிட்டன. ஒன்று நேராகப் போய் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டு செருகும்) ஸ்லாட்டின் பின்பக்கப் பற்றவைப்பில் முட்டிக்கொண்டு நின்றது.

இதில் இன்னொரு வம்பு. என் போர்டில் சிபியு, டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் என்று நான்கு சின்ன லைட் உண்டு. கம்ப்யூட்டர் எழும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும், எதில் நிற்கிறதோ அங்கே சிக்கல் என்று அர்த்தம். எனக்கு விஜிஏவில் நின்றது. கார்டுதான் போய்விட்டது என்று முடிவுகட்டி, அலுவலக நண்பரின் கார்டைக் கடன் வாங்கிப் போட்டும் அதே கதை. லைட் பொய் சொல்லவில்லை. எங்கே நின்றது என்று சொன்னது, ஏன் நின்றது என்று அதற்குத் தெரியாது. நடுவில் போர்டைத் தூக்கிக்கொண்டு ஒரு சர்வீஸ் கடைக்கும் போனேன். மேசை மேல் வைத்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே ஓடுது” என்று முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

கண்டுபிடித்தது என் அக்கா பையன், ஒன்பதாவது படிக்கிறான். மூன்றாம் நாள் போர்டைக் கழற்றி வைத்திருந்தபோது கேபினெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்.

“மாமா, இங்க ரெண்டு மட்டும் தனியா நிக்குதே, அது எதுக்கு?”

“போர்டு தாங்கறதுக்குடா.”

“அதுக்கு நேரா போர்டுல ஓட்டையே இல்லையே?”

போர்டைத் திருப்பிப் பார்த்தேன். பச்சைப் பூச்சின் மேல் அறுகோணமாக ஒரு மெல்லிய கீறல், அதன் நடுவே ஒரு ஈயமுனை மட்டும் தேய்ந்து மினுங்கியது. மூக்குக் கொறடால் இரண்டு காலையும் கழற்றி எடுத்தேன். மாட்டினேன். வந்தது. பையனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

ஆகவே செய்ய வேண்டியது: போர்டை உள்ளே வைக்கும் முன் கால்களை எண்ணுங்கள், போர்டில் ஓட்டைகளை எண்ணுங்கள். ஏடிஎக்ஸுக்கு வழக்கமாக ஒன்பது. எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஒரு வெள்ளைத்தாளைப் போர்டின் மேல் விரித்து, ஓட்டைகளைப் பென்சிலால் குத்தி, அந்தத் தாளைக் கேபினெட்டில் வைத்துப் பாருங்கள். தாளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் கால் எதுவோ அதுதான் எதிரி. சில கேபினெட்டில் கால்கள் தகட்டோடு அடித்தே வரும், கழற்ற முடியாது. அப்படி ஒன்று தப்பான இடத்தில் இருந்தால் அந்தக் கேபினெட் அந்த போர்டுக்கு ஆகாது. இன்சுலேஷன் டேப் ஒட்டி ஒப்பேற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கூர்முனை டேப்பைக் கிழித்துவிடும், எனக்கு உடன்பாடு இல்லை.

பின்பக்கப் போர்ட்டுகளைச் சுற்றி வரும் மெல்லிய தகட்டையும் பாருங்கள். அதன் நாக்கு ஒன்று மடங்கி யுஎஸ்பிக்குள்ளோ எச்டிஎம்ஐக்குள்ளோ நுழைந்திருந்தால் அதுவும் ஷார்ட்தான்.

அட்டைப்பெட்டி மேலும் வரவில்லை என்றால்

இப்போது ராம். ஒன்றே ஒன்று, ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில். நான்கு ஸ்லாட் போர்டில் மேனுவல் அதை ஏ2 என்று சொல்லும். இரண்டு ராம் போடுவதென்றால் இரண்டாவதும் நான்காவதும். பழைய ராம் என்றால் தங்க நிறக் கோடுகளைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுப் போடுங்கள். ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அமுக்க வேண்டும். போர்டு வளைகிறதே என்று பயந்து பாதியில் விடுபவர்கள்தான் அதிகம்.

அடுத்து சிமாஸ், அதாவது பயாஸ் செட்டிங் சேமித்திருக்கும் இடம். பழைய போர்டு வாங்கினால் முந்தைய சொந்தக்காரரின் செட்டிங் உள்ளேயே இருக்கலாம். வயரைப் பிடுங்கி, சிஆர்2032 பட்டன் பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி போடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரி 3 வோல்ட் பக்கம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

அதுவும் ஆகவில்லையா? ப்ராசஸரைத் தூக்கிப் பின்களைப் பாருங்கள். ஏஎம்4-இல் (என் ரைசனின் சாக்கெட் வகை) பின் ப்ராசஸரில் இருக்கும், மொத்தம் 1331. கூலரை நேராகப் பிடுங்கினால் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரே கையோடு வரும், பின் வளையும். திருகித் திருகித்தான் எடுக்க வேண்டும். வளைந்ததை ஏடிஎம் கார்டின் ஓரத்தால் வரிசைக்குள் விட்டு மெல்ல நிமிர்த்தலாம். இன்டெலில் பின்கள் போர்டின் சாக்கெட்டில் இருக்கும். அவை தலைமுடி மாதிரி, நான் கை வைக்கமாட்டேன்.

சாக்கெட் ஒன்றாக இருந்தால் ப்ராசஸர் ஓடிவிடும் என்றும் நினைக்காதீர்கள். இன்டெலுக்கான எச்110 போர்டும் எச்310 போர்டும் எல்ஜிஏ 1151 சாக்கெட்தான். முன்னதில் 6, 7-ஆம் தலைமுறை ஓடும், பின்னதில் 8, 9. மாற்றிப் போட்டால் உட்காரும், படம் வராது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக: காந்த முனையுள்ள நல்ல ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று, போர்டில் மாட்டும் குட்டி பீப் ஸ்பீக்கர் ஒன்று. லைட் இல்லாத போர்டுக்கு அந்த ஸ்பீக்கர்தான் வாய். பீப் கணக்கு போர்டுக்குப் போர்டு மாறும், மேனுவலில் பாருங்கள். எண் காட்டும் டயக்னாஸ்டிக் கார்டு வாங்காதீர்கள். நான் வாங்கியது பழைய பிசிஐ ஸ்லாட்டுக்கானது, இன்றைய போர்டில் செருகவே இடமில்லை. மல்டிமீட்டரில் எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் வயர் 11.4-லிருந்து 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை 1: பி450 போர்டில் ரைசன் 5 5600 போட்டு, இதே மாதிரி ஃபேன் மட்டும் சுற்றுகிறது என்று ஒரு வாசகர் கேட்டார். இது பயாஸ் பழசு என்ற சிக்கல். பி450 வந்தது 2018-இல், 5000 வரிசை வந்தது 2020 கடைசியில். பெட்டியிலிருந்து வந்த பயாஸுக்கு அந்த ப்ராசஸரை அடையாளமே தெரியாது. போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் ப்ராசஸர் இல்லாமலே பென்டிரைவ் வைத்து ஏற்றலாம். இல்லையென்றால் பழைய ரைசன் ஒன்றைக் கடன் வாங்க வேண்டியதுதான். அவர் போர்டில் பட்டன் இருந்தது, பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யாததால் முதலில் எடுக்கவில்லை.

பின்சேர்க்கை 2: ஏஎம்5 (ரைசனின் அடுத்த சாக்கெட்) போர்டும் டிடிஆர்5 ராமும் வாங்கியவர்கள் முதல் தடவை ஸ்விட்ச் போட்டதும் பதறி அணைக்காதீர்கள். போர்டு ராமைப் பழக்கிக்கொள்ள சில நிமிஷம் எடுக்கும், அதுவரை திரை கருப்பாகவே இருக்கும். ஒருவர் ஒவ்வொரு நிமிஷமும் அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறார். கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை 3: படம் வந்த பிறகு வரும் கேள்வி. ரைசன்காரர்களுக்கு முதல் திரையில் எஃப்டிபிஎம்மை (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) ரீசெட் செய்யவா, ‘ஒய்’ (Y) அமுக்கவா ‘என்’ (N) அமுக்கவா என்று கேட்கலாம். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் ஒய் அமுக்குங்கள். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும். வேறு கம்ப்யூட்டரிலோ போனிலோ எடுத்து எழுதிவைத்துக்கொள்ளலாம்.