சுண்டெலியின் உடலுக்குள் ஒளிர்வுப் படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாயம் ஏற்றாத ஒரு சுண்டெலியை முதலில் படம் எடுங்கள். அண்மை அகச்சிவப்பு ஒளிர்வுப் படங்களில் (உடலுக்குள் ஏற்றிய சாயம் லேசர் பட்டதும் உமிழும், கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் கேமராவில் பிடிப்பது) வரும் குழப்பங்கள் பலவற்றை அந்த ஒரு படமே காட்டிக்கொடுத்துவிடும். நேரம் இல்லை என்று பலரும் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

உடல் முழுக்க மங்கலாக ஒளிர்ந்தால் லேசர் ஒளி, அதைத் தடுக்க கேமரா முன் வைத்த ஃபில்டரைத் தாண்டிக் கசிகிறதா என்று பாருங்கள். வயிறு மட்டும் பளிச்சென்று தெரிந்தால் தீவனத்தைச் சந்தேகியுங்கள். வழக்கமான எலித் தீவனத்தில் பெரும்பாலும் குதிரைமசால் என்ற தீவனப்பயிர் கலந்திருக்கும். அதன் பச்சையம் 700 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டித் தானாகவே ஒளிரும். குடலில் கிடக்கும் தீவனத்தைப் புற்றுக்கட்டி என்று நம்ப இது போதும்! படம் எடுக்க ஒரு வாரத்துக்கு முன்பே குதிரைமசால் இல்லாத தீவனத்துக்கு மாறிவிடுங்கள். அப்புறம், சுண்டெலி தன் புழுக்கையையே தின்னும். அதனால் கூண்டில் பரப்பிய மரத்தூளையும் அன்றே மாற்ற வேண்டும். இல்லையென்றால் பழைய பச்சையம் திரும்ப வயிற்றுக்குள் போய்விடும்.

முடியை எடுக்காமல் படம் எடுக்காதீர்கள். கறுப்பு எலிகளில் முடியை எடுத்த பிறகும் சில இடங்களில் தோல் திட்டுத்திட்டாகக் கறுத்திருக்கும். முடி வளரும் பருவத்தில் சேரும் மெலனின் என்ற கருநிறமி அது, ஒளியை விழுங்கிவிடும். முடிநீக்கும் கிரீமை அதிக நேரம் விட்டால் தோல் புண்ணாகும், அழற்சி வந்த இடத்தில் சாயம் கசிந்து தேங்கும்.

இண்டோசயனின் கிரீன் என்ற ஒளிரும் சாயத்தை நேரடியாக உப்புநீரில் கரைக்காதீர்கள், சரியாகக் கரையாது. ஊசிக்கான நீரில் கரைத்து அன்றே பயன்படுத்துங்கள். அளவைக் கூட்டினால் ஒளியும் கூடும் என்பது தவறு. செறிவு மிகுந்தால் மூலக்கூறுகள் ஒன்றன் ஒளியை ஒன்று அணைத்துவிடும். இந்தச் சாயத்தைக் கல்லீரல் பித்தத்தோடு குடலுக்குத் தள்ளும். அங்கே ஒளி தெரிந்தால் புதிய கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம்.

ஆழத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. 1000 நானோமீட்டரைத் தாண்டினால் ஒளிச்சிதறல் குறைந்து படம் கூர்மையாகும், உண்மைதான். அதற்கு சிலிக்கான் கேமரா உதவாது, இண்டியம் காலியம் ஆர்சனைடு கேமரா வேண்டும். ஆனால் எந்தக் கேமராவானாலும், தோலுக்கடியில் இருக்கும் சிறு கட்டி, ஆழத்தில் இருக்கும் பெரிய கட்டியைவிடப் பிரகாசமாகத் தெரியலாம். மேலிருந்து எடுத்த ஒரு படத்தை வைத்துச் சாயத்தின் அளவைச் சொல்லாதீர்கள். சோதனை முடிந்ததும் உறுப்புகளைத் தனியே எடுத்துப் படம் பிடித்து ஒப்பிடுங்கள்.

மென்பொருள் தானாகப் போடும் வண்ண அளவுகோலையும் நம்பாதீர்கள். இரண்டு எலிகளுக்கு இரண்டு அளவுகோல் இருந்தால் அந்த ஒப்பீடே செல்லாது. 16 பிட் படத்தில் புள்ளிகள் உச்ச அளவான 65535-ஐத் தொட்டிருந்தால் ஒளிப்பதிவு நேரத்தைக் குறைத்து, எல்லா எலிகளையும் அதே ஒளிப்பதிவு நேர அளவில் மறுபடி எடுங்கள்.