இரு குழுக்களுக்கும் ஒரே அளவுகோலா? பேய்சியன் முறையில் சோதிப்பது எப்படி

ஒரு மனச்சோர்வு வினாப்பட்டியலில் ஆண்களைவிடப் பெண்களின் சராசரி அதிகமாக வந்தால், மனச்சோர்வுதான் அதிகமா, அல்லது “அடிக்கடி அழுகிறேன்” போன்ற ஒரு வினா இரு குழுக்களிலும் வேறு வேறாக நடந்துகொள்கிறதா? இதைப் பிரித்தறியாமல் சராசரிகளை ஒப்பிடுவது நியாயமில்லை.

வினா விடைகளிலிருந்து அவற்றின் பின்னால் மறைந்திருக்கும் பண்பை (காரணியை; இங்கே மனச்சோர்வை) மதிப்பிடுவது காரணிப் பகுப்பாய்வு. அதன் வழக்கமான சோதனை, காரணிச் சுமைகளும் (வினா காரணியோடு எவ்வளவு வலுவாகப் பிணைந்திருக்கிறது) வெட்டுகளும் (காரணி 0 ஆக இருக்கும்போது வினாவின் எதிர்பார்க்கும் மதிப்பெண்) குழுக்களிடையே அச்சொட்டாகச் சமமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. நிஜத்தில் அப்படி அமைவது அரிது. பேய்சியன் முறையில் “ஏறத்தாழச் சமம்” என்கிறோம்: வேறுபாட்டுக்குச் சராசரி 0, திட்ட விலக்கம் 0.1 கொண்ட இயல்நிலை முன்பரவலை (தரவைப் பார்க்குமுன் நாம் எதிர்பார்க்கும் மதிப்புகளின் பரவலை) கொடுக்கிறோம். அதன்படி வேறுபாடு 95% நிகழ்தகவுடன் ±0.2-க்குள் இருக்கும்.

முதலில் வினா மதிப்பெண்களைத் திட்டப்படுத்துங்கள் (சராசரி 0, திட்ட விலக்கம் 1 ஆக மாற்றுங்கள்); இல்லாவிட்டால் 0.1 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. எல்லாக் குழுக்களையும் சேர்த்த சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கொண்டே செய்யுங்கள். குழுவாரியாகச் செய்தால் நீங்கள் தேடும் வேறுபாடே அழிந்துபோகும். பிறகு, காரணி அமைப்பு ஒவ்வொரு குழுவிலும் தனியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்து முதல் குழுவின் காரணிச் சராசரியை 0, விலக்க வர்க்கச் சராசரியை (திட்ட விலக்கத்தின் வர்க்கத்தை) 1 என நிலைநிறுத்தி, மற்ற குழுக்களில் இரண்டையும் விடுவியுங்கள், அதாவது தரவே தீர்மானிக்கட்டும். முன்பரவலின் அகலத்தை மென்பொருளில் கொடுக்கும்போது பலர் சறுக்குகிறார்கள்: எம்பிளஸ் என்ற மென்பொருள் விலக்க வர்க்கச் சராசரியைக் கேட்கும், அதாவது 0.01; ஆர் என்ற நிரல்மொழியின் பிளாவான் தொகுப்பு திட்ட விலக்கத்தைக் கேட்கும், அதாவது 0.1. பிளாவானில் 0.01 என்று கொடுத்தால் முன்பரவல் பத்து மடங்கு இறுகிவிடும்.

பிளாவானில் நான்கு சங்கிலிகள் (தனித்தனியாக ஓடும் கணிப்பு ஓட்டங்கள்) போதும். எல்லா அளவுருக்களுக்கும் ஆர்-ஹாட் (சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைக் காட்டும் எண்) 1.01-க்குக் கீழும், பயனுறு மாதிரி அளவு (சங்கிலிகள் தந்த எண்களில் சார்பற்றவற்றுக்கு இணையான எண்ணிக்கை) 400-க்கு மேலும் வரும்வரை முடிவைத் தொடாதீர்கள்.

இனி ஒவ்வொரு வேறுபாட்டின் பின்பரவலையும் (தரவைப் பார்த்தபின் கிடைக்கும் பரவலையும்) பாருங்கள். 95% இடைவெளி பூச்சியத்தைத் தொடாத வினாவை விடுவித்து (அந்த வேறுபாட்டின் மீதான இறுக்கமான முன்பரவலை நீக்கி), கணிப்பை மறுபடி ஓட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வினா மட்டும். பெரிய வேறுபாடுள்ள ஒரு வினாவை முன்பரவல் அழுத்திப் பிடிக்கும்போது, நல்ல வினாக்கள் எதிர்த்திசையில் விலகியதுபோலத் தோன்றும். எல்லாவற்றையும் ஒன்றாக விடுவித்தால் குற்றமற்றவையும் போய்விடும்.

இடைவெளி பூச்சியத்தைத் தொடுகிறது என்பதாலேயே சமன்மை நிரூபணமாகிவிடாது. பின்பரவலின் திட்ட விலக்கம் இன்னும் 0.1 அருகிலேயே இருந்தால், தரவு எதையும் சொல்லவில்லை. நீங்கள் கொடுத்த முன்பரவல்தான் திரும்பி வந்திருக்கிறது. சிறிய மாதிரிகளில் இது அடிக்கடி நடக்கும்.

முன்பரவலின் திட்ட விலக்கத்தை 0.05, 0.1, 0.2 என மூன்று அகலங்களிலும் வைத்து ஓட்டி, காரணிச் சராசரி வேறுபாடு எவ்வளவு நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் மூன்றையும் கொடுங்கள்.

இந்த முறையால் காண முடியாதது ஒன்று உண்டு. ஆறு வினாக்கள், ஒவ்வொன்றின் சுமையும் 0.7 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வினாவின் வெட்டு மட்டும் 0.3 உயர்ந்தால், கூட்டு மதிப்பெண்ணில் பிழை 0.3 ÷ 4.2 (4.2 என்பது 6 × 0.7), அதாவது காரணி அளவில் சுமார் 0.07. ஆறுமே 0.3 உயர்ந்தால் பிழை 0.43, ஆனால் அது முழுவதும் காரணிச் சராசரி வேறுபாடாகவே வெளிப்படும், எந்த வினாவும் மாட்டாது. அதைக் கண்டுபிடிக்க வினாப்பட்டியலுக்கு வெளியே, நேர்காணல் மதிப்பீடு போன்ற வேறொரு அளவை வேண்டும்.