ஒர்க்ஸ்டேஷன் பிராசஸரா, டெஸ்க்டாப் பிராசஸரா? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு பிராசஸர்களின் விவரங்களை அருகருகே வைத்து, எதில் எண்கள் பெரிதோ அதுவே மேல் என்று முடிவுகட்டுவதுதான் மூலத் தவறு. மற்றவை பெரும்பாலும் அதன் கிளைகள். கனமான தொழில்முறை வேலைகளுக்கான ஒர்க்ஸ்டேஷன் பிராசஸருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பங்கு, கோர்கள் எனப்படும் கணக்கிடும் அலகுகளைச் சுற்றியுள்ள வசதிகளுக்குப் போகிறது: கூடுதல் மெமரி சேனல்கள் (ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையே தரவு போகும் பாதைகள்), கூடுதல் பிசிஐஇ லேன்கள் (கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி போன்றவற்றை இணைக்கும் பாதைகள்), பிழை திருத்தும் ரேம், டெராபைட் கணக்கில் ரேம் பொருத்தும் வசதி. இவை தேவைப்படாத வேலைக்கு அதை வாங்கினால், அதிக விலை கொடுத்து மெதுவான கணினியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள்.

கோர் எண்ணிக்கையிலிருந்தே தொடங்கலாம். இன்டெல் கோர் ஐ9-14900கே பிராசஸரில் 24 கோர்கள். ஏஎம்டி த்ரெட்ரிப்பர் 7960எக்ஸ் பிராசஸரிலும் 24 கோர்கள். எண் ஒன்றுதான், ஆனால் சரக்கு வேறு. முன்னதில் முழு வலிமை கொண்டவை 8 கோர்கள் மட்டுமே; மீதி 16 மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் சிறிய கோர்கள். மொத்தம் 32 த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பணிச்சரங்கள்). பின்னதில் 24 கோர்களும் ஒரே வகை, 48 த்ரெட்கள். அதற்காக த்ரெட்ரிப்பர் எல்லாவற்றிலும் ஜெயிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 14900கே உச்சத்தில் 6.0 ஜிகாஹெர்ட்ஸ் தொடும், 7960எக்ஸ் 5.3 வரைதான். ஒரே கோரை நம்பி ஓடும் வேலையில் டெஸ்க்டாப் பிராசஸர்தான் முந்தும்.

ஒரே கோரை நம்பி ஓடும் வேலைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். கேட் (கணினிவழி வடிவமைப்பு) மென்பொருளில் ஒரு பாகத்தின் அளவை மாற்றியதும் முழு மாடலும் மறுபடி கணக்கிடப்படுவது பெரும்பாலும் ஒரே கோரில்தான் நடக்கிறது. ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடைக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பதால், அதைப் பல கோர்களுக்குப் பங்கிட வழியில்லை. கோர்களைக் கூட்டிக்கொண்டே போனால் வேகமும் கூடிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கை செல்லாது என்று கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஒரு வேலையில் 90 சதவீதத்தைப் பங்கிட முடியும், 10 சதவீதத்தை முடியாது என்று வைத்துக்கொள்வோம். 16 கோர்களில் அது 6.4 மடங்கு வேகமாகும். 64 கோர்களில்? சுமார் 8.8 மடங்கு. கோர்கள் நான்கு மடங்கு ஆனபோது, வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. இதுவும் எல்லாக் கோர்களும் ஒரே வேகத்தில் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் 64 கோர்களும் ஒன்றாக உழைக்கும்போது ஒவ்வொன்றின் வேகமும் இன்னும் இறங்கும்.

சரி, என் மென்பொருள் எத்தனை கோர்களைப் பயன்படுத்துகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்துவிட்டு, "பிராசஸர் வெறும் 4 சதவீதம்தான் ஓடுகிறது, அதனால் தடை அங்கே இல்லை" என்று சொல்பவர்கள் ஏராளம். 32 த்ரெட் பிராசஸரில் ஒரே ஒரு த்ரெட் மூச்சு முட்ட ஓடினாலும், மொத்தக் கணக்கில் அது 3 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் தெரியும். போதாக்குறைக்கு இயங்குதளம் அந்த த்ரெட்டை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால், தனித்தனி கோர் வரைபடத்திலும் எதுவும் நிரம்பி நிற்பதாகத் தெரியாமல் போகலாம். ஆக, அந்த 32 த்ரெட் பிராசஸரில் வேலை நடக்கும்போது மொத்தப் பயன்பாடு 3, 4 சதவீதத்திலேயே ஆடாமல் நின்றால், உங்களுக்குத் தேவை வேகமான கோர். 90ஐத் தாண்டி நின்றால், அதிகக் கோர்கள். இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கினால் மெமரி, எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) மதிப்பெண்களை நம்புவதிலும் இதே கோளாறுதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. சினிபெஞ்ச் என்ற பெஞ்ச்மார்க் மென்பொருளின் மல்ட்டிகோர் சோதனை 3டி ரெண்டரிங் (முப்பரிமாண மாடலைப் படமாக்குவது) சார்ந்தது. ரெண்டரிங் என்பது ஏறக்குறைய முழுவதுமாகப் பங்கிடக்கூடிய வேலை. மெமரியையும் அதிகம் வாட்டாது. அதில் இரட்டிப்பு மதிப்பெண் வாங்கும் பிராசஸர், உங்கள் கேட் வேலையில் பின்தங்கலாம். நீங்கள் பயன்படுத்தும் அதே மென்பொருளில், உங்கள் கோப்பின் அளவுக்குப் பக்கத்தில் வரும் ஒன்றை வைத்துச் செய்த சோதனையைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், யாரிடமாவது அந்தக் கணினி இருக்கிறதா என்று கேட்டு உங்கள் கோப்பையே ஓடவிட்டுப் பாருங்கள்.

மெமரிப் பக்கம் வந்தால் ஒர்க்ஸ்டேஷனின் நியாயம் புரியும். ஏஎம்டியின் ரைசன் 9 9950எக்ஸ் போன்ற டெஸ்க்டாப் பிராசஸரில் இரண்டு மெமரி சேனல்கள். டிடிஆர்5-5600 ரேமில் கோட்பாட்டளவில் நொடிக்கு சுமார் 90 ஜிபி. த்ரெட்ரிப்பரின் உயர்தர வகையான த்ரெட்ரிப்பர் புரோ 7000 வரிசையில் எட்டு சேனல்கள். டிடிஆர்5-5200 ரேமிலேயே சுமார் 333 ஜிபி. திரவ ஓட்டம், கட்டமைப்பு வலிமை போன்ற சிமுலேஷன்களில் கோர்கள் பெரும்பாலும் தரவு வந்துசேரக் காத்துக்கிடக்கின்றன. அங்கே இந்த வித்தியாசம்தான் எல்லாம். டெஸ்க்டாப் போர்டின் நான்கு ஸ்லாட்டுகளையும் நிரப்பினால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். சேனல்கள் அப்போதும் இரண்டுதான். 9950எக்ஸில் நான்கு டிடிஆர்5 ரேம்களைப் போட்டால், ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகம் 5600இலிருந்து 3600க்கு இறங்கும். கொள்ளளவு கூடும், வேகம் குறையும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு, பார்க்கும்போது வயிற்றெரிச்சலாக இருக்கும். எட்டு சேனல் பிராசஸரை வாங்கிவிட்டு, பட்ஜெட் தீர்ந்தது என்று இரண்டே ரேம்களைச் செருகுவது. எந்த வசதிக்காகப் பணம் கொடுத்தோமோ அதில் கால்பங்கைத்தான் பயன்படுத்துகிறோம். எட்டு சேனல் என்றால் எட்டு ரேம்கள், சிறியவையாக இருந்தாலும் பரவாயில்லை. பழைய கணினியின் ரேமை எடுத்துப் போடலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள்: த்ரெட்ரிப்பர் 7000, இன்டெல்லின் ஜியான் டபிள்யூ-3400 ஆகிய ஒர்க்ஸ்டேஷன் வரிசைகள் கேட்பது ஆர்டிம் (இடையே பதிவுச் சிப் கொண்ட ரேம்) வகை, டெஸ்க்டாப்பில் இருப்பது அந்தச் சிப் இல்லாத யுடிம். டிடிஆர்5இல் இரண்டின் வெட்டுக்குறியும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஸ்லாட்டிலேயே உட்காராது.

"டிடிஆர்5 என்றாலே இசிசி (பிழை திருத்தம்) உள்ளே இருக்கிறதே" என்ற வாதத்தையும் அடிக்கடி பார்க்கலாம். ரேம் சிப்புக்குள் இருக்கும் அந்தத் திருத்தம், சிப்புக்குள் நேரும் பிழையை மட்டுமே சரிசெய்யும். ரேமிலிருந்து பிராசஸர்வரை போகும் வழியில் ஒரு பிட் புரண்டால் அதற்குத் தெரியாது, உங்களுக்கும் தகவல் வராது. முழுமையான இசிசிக்கு ரேம், மதர்போர்டு, பிராசஸர் மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். ஆனால் அதற்காக ஒர்க்ஸ்டேஷன் பிராசஸர்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ரைசன் 9000 வரிசையில் போர்டு ஆதரித்தால் இசிசி யுடிம் ஓடும். இன்டெல்லில் டபிள்யூ680 சிப்செட் போர்டுடன் 14900கேயிலும் ஓடும். நாள்கணக்கில் ஓடும் கணக்கீடுகளுக்கு இது அவசியம். விளையாட்டுக்கு வேண்டியதில்லை.

லேன்கள் விஷயம் எளிது. 9950எக்ஸில் பயன்படுத்தக் கிடைப்பவை 24 பிசிஐஇ 5.0 லேன்கள், த்ரெட்ரிப்பர் புரோவில் 128. ஒரு கிராபிக்ஸ் கார்டு, இரண்டு எஸ்எஸ்டி என்றால் டெஸ்க்டாப்பே தாராளம். மூன்று, நான்கு கார்டுகள் போடுவதானால் வேறு வழியே இல்லை.

வீடியோ எடிட்டர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பல இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்களின் உள்ளமைந்த கிராபிக்ஸில் இருக்கும் குவிக் சிங்க் என்ற பகுதி, எச்.264, எச்.265 வகை வீடியோ கோப்புகளைப் பிரித்துக் காட்டும் வேலையைத் தனியாகச் செய்துவிடும். த்ரெட்ரிப்பரிலும் ஜியான் டபிள்யூ-3400லும் உள்ளமைந்த கிராபிக்ஸே கிடையாது. இந்த வேலை கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழும்; கார்டு அந்தக் கோப்பு வகையை ஆதரிக்காவிட்டால் கோர்களின் தலையில்.

ஜியான் என்ற பெயருக்கு மயங்குவதும் ஓயவில்லை. அந்தப் பெயரில் பல தரங்கள் உண்டு. 2014இல் வந்த ஜியான் இ3-1231 வி3, கிராபிக்ஸ் நீக்கப்பட்ட அன்றைய ஐ7 டெஸ்க்டாப் பிராசஸர் என்றே சொல்லலாம். 2016இன் இ5-2699 வி4 பிராசஸரில் 22 கோர்கள் இருந்தாலும் உச்ச வேகம் 3.6 ஜிகாஹெர்ட்ஸ், விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலிலும் அது இல்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று பழையதை வாங்குபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

கடைசியாக, லைசென்ஸ். சில பொறியியல் மென்பொருள்கள் கோர் கணக்கில் கட்டணம் வாங்குகின்றன. அங்கே 64 கோர் வாங்கினால் பிராசஸரின் விலையை லைசென்ஸ் கட்டணம் தாண்டிவிடக்கூடும். எட்டு சேனல்கள், ஆனால் குறைந்த கோர்கள் கொண்ட மாடல்கள் இவர்களுக்குப் பொருந்தும். அதிலும் ஒரு பொறி உண்டு: த்ரெட்ரிப்பர் புரோ 7945டபிள்யூஎக்ஸ் போன்ற 12 கோர் மாடலில் கோர்கள் இரண்டே சிப்லெட்டுகளில் (பிராசஸருக்குள் உள்ள தனிச் சிறு சிப்புகளில்) அடங்கியிருப்பதால், எட்டு சேனல்களின் முழு வேகத்தையும் அவற்றால் உறிஞ்ச முடியாது. வாங்கும்முன் அந்தக் குறிப்பிட்ட மாடலில் அளந்த மெமரி வேகத்தைத் தேடிப் பாருங்கள். பெட்டியில் அது எழுதியிருக்காது.