வயலுக்கு ஆனைவேலி: போடவும் வேண்டும், கழற்றவும் வேண்டும்

உலகச் சனத்தொகை 2022இல் 800 கோடியைத் தாண்டியதாம். இலங்கையிலேயே சனம் குறைந்த மாவட்டமான முல்லைத்தீவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அப்பு வெட்டிய ஆறு ஏக்கரை நாங்கள் ஐந்து பேர் பிரித்தபோது, கடைசித் தம்பியின் பங்கு காட்டோரத்தில் விழுந்தது. ஆனை நடந்த தடத்தில் இப்போது அவன் குசினி. ஆகவே ஆனையை எங்கே துரத்துவது என்று கேட்காதீர்கள். காலபோகம் (மழைக்கால நெல் வேளாண்மை) முடியும்வரை நெல்லைக் காக்கும் வழியைச் சொல்கிறேன்.

தனியாகப் போடாதீர்கள். முழு வயல்வெளியையும் சுற்றி ஒரே மின்வேலி, செலவு ஏக்கர் கணக்கில். விதைத்த கையோடு கட்ட வேண்டும். இரண்டு கம்பி போதும்: ஒன்று இடுப்பளவில், மற்றது தலையளவில். மின்வேலிக்கென்றே விற்கும் எனர்ஜைசர் (கம்பிக்குக் கறண்டை விட்டுவிட்டு அனுப்பும் பெட்டி), 12 வோல்ட் பற்றறி, சோலர் தகடு. எனர்ஜைசர் செக்கனுக்கு ஒரு தரம் போலச் சுண்டிவிடும், ஆனைக்கு நோகும், சாகாது. வீட்டுக் கறண்டை நேரே கொடுத்தால் ஆனையும் சாகும், விடிய வயலுக்குப் போகிற உங்கள் பிள்ளையும் சாகும். எர்த் கம்பிகளை ஈரமண்ணில் ஆழமாக இறக்குங்கள். எர்த் சரியில்லாவிட்டால் ஆனைக்கு அது வெறும் கொடிக்கயிறுதான்.

மிச்சமெல்லாம் புல்தான். மார்கழி மழையில் புல் இரவோடிரவாக வளரும்; ஈரப்புல் கீழ்க்கம்பியைத் தொட்டால் கறண்ட் நிலத்துக்குப் போய்விடும். வேலியை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்து, அவரவர் துண்டை அவரவர் செருக்க வேண்டும். ஒரு வருடம் காய்ச்சலோடு நான் மூன்று நாள் போகவில்லை. என் துண்டால்தான் ஆனை வந்தது. அரை ஏக்கர் குடலைப் பயிர், கதிர் வெளிவர இருந்த நெல், போனது, அதுவும் பக்கத்துக்காரருடையது. அவர் இன்றைக்கும் என்னோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

அரிவு வெட்டு முடிந்து ஒரு கிழமைக்குள் கம்பியைச் சுருட்டுங்கள். இதற்குத்தான் ஆட்கள் முரண்டு பிடிப்பார்கள். வளர்ந்த ஆனைக்கு நாளுக்கு 150 கிலோ அளவில் தீன் வேண்டும். கோடையில் ஒட்டையும் (வெட்டிய நெல்லின் அடித்தாள்) அதில் துளிர்க்கிற புல்லையும் மேய விட்டால் வயலோடு நிற்கும். வயலைப் பூட்டி வைத்தால் வளவுக்குள் தென்னம்பிள்ளையைத் தேடி வரும். இன்னொன்று, வருடம் முழுக்க நிற்கிற வேலியை ஆனை படித்துவிடும். கம்பியைத் தொடாமல் கட்டையை மட்டும் காலால் தள்ளிச் சாய்க்கும்.

கட்டைகளைப் பிடுங்கிக் கறையான் ஏறாமல் அடுக்கி, பற்றறியை யாராவது வீட்டில் சார்ஜில் வைத்திருங்கள். எங்களுடையது தம்பியின் குசினிக்குப் பின்னால் இருக்கிறது.