பக்கவாத நோயாளி ஆஸ்பத்திரியிலேயே மெலிந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பக்கவாதம் வந்தவரின் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஸ்கேன் எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். இன்று எவ்வளவு சாப்பிட்டார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. சத்து குறைந்தால் தசை கரையும், படுக்கைப்புண் ஆறாது, பிசியோதெரபிக்குத் தெம்பு இருக்காது. கூட இருப்பவர்கள் முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டியவை இவை.

படி 1: விழுங்கும் சோதனை முடியும்வரை வாயில் எதுவும் கொடுக்காதீர்கள்

ஒரு வாய்த் தண்ணீரும் மாத்திரையும்கூட வேண்டாம். ஆரம்ப நாட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும். உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். இருமலே வராமல் உள்ளே இறங்குவதும் உண்டு, அதனால் இருமவில்லையே என்று நம்பிவிடாதீர்கள். சோதனை முடிந்ததா என்று நர்ஸிடம் கேளுங்கள்.

படி 2: எடையைக் குறித்து வையுங்கள்

சேர்ந்ததும் ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. முந்தைய 3 முதல் 6 மாதங்களில் 10 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்திருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். நிற்க முடியாதவருக்கு மேல்கைச் சுற்றளவை அளந்தும் ஓரளவு கணிக்கலாம்.

படி 3: மிச்சம் வைத்தால் காரணத்தைத் தேடுங்கள்

எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. "பசியில்லை போல" என்று தட்டை எடுத்துவிடுகிறோம். தட்டின் ஒரு பாதி மட்டும் அப்படியே இருக்கிறதா? அந்தப் பக்கம் இருப்பதை அவருடைய மூளை கவனிக்காமல் போயிருக்கலாம். தட்டைத் திருப்பி வைத்துப் பாருங்கள். கை வராமல் இருக்கலாம், பல்செட் லூசாகியிருக்கலாம், நாலு வாய்க்குள் களைத்துப்போகலாம். மனச்சோர்வும் பக்கவாதத்துக்குப் பிறகு சகஜம், அதற்குச் சிகிச்சை உண்டு. களைப்புதான் காரணம் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள்.

ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வையுங்கள். ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். எத்தனை பங்கு சாப்பிட்டார் என்பதை வேளாவேளைக்கு எழுதி, டயட்டீஷியனிடம் காட்டுங்கள். சரியாகச் சாப்பிடுகிறவருக்குச் சத்துபானம் தேவையில்லை, மெலிந்தவருக்கு அவர்கள் சொன்னால் கொடுக்கலாம்.

படி 4: குழாய் என்றதும் பயப்படாதீர்கள்

வாய்வழி போதாதபோது, மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் குழாயைத் தள்ளிப்போட்டால் பட்டினிதான் நீளும். பலருக்குச் சில வாரங்களில் விழுங்கும் திறன் திரும்பிவிடும், அப்புறம் குழாயை எடுத்துவிடுவார்கள். வயிற்றில் துளையிட்டு வைக்கும் குழாய்க்கு முதல் வாரங்களில் அவசரப்பட வேண்டாம் என்பதையே 2005இல் வெளியான 'ஃபுட்' என்ற பன்னாட்டு ஆய்வின் முடிவுகள் காட்டின.

ஒரு எச்சரிக்கை: பல நாட்களாக ஒன்றுமே சாப்பிடாதவருக்கு ஒரேயடியாக நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். எவ்வளவில் தொடங்கி எப்படிக் கூட்டுவது என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.